எம் முதல் இஸட் வரை

கடைசியா அவனை உசிரோட பாத்தது ஆகஸ்ட் மாசத்து ஒரு செவ்வாக்கிழமைம்மா. என் வீட்டு வாசல்ல நின்னான். நான் திரைக்குப் பின்னால நின்னேன். கதவுல தபால் போடுற பொந்து வழியா ஒரு கவரைத் தள்ளினான், தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டான், போயிட்டான். ரெண்டு நாள்ல ஆளே போயிட்டான். பதினோரு வருஷமா பேசாதவன் என்ன எழுதியிருக்கப் போறான், இன்னொரு குத்தல்தானேன்னு நான்... அதை விடுங்க. அவன்தான், ஹெர்பர்ட் என்ட்விசில், அவன் வீட்டுச் சாமானெல்லாம் உங்க கடைக்குத்தான் வந்துச்சாமே. அதுல பாதி அகராதி ஒண்ணு இருக்கும். ஆமா, பாதிதான். எம் முதல் இஸட் வரை. கிழிஞ்ச புத்தகம் வாங்க மாட்டோம்னு எழுதி மாட்டியிருக்கீங்க, பாத்தேன். இது கிழிஞ்சதில்லை. ரம்பத்தால அறுத்தது.

பப்புல நடந்த வினாடி வினாவுல ரெண்டு பேரும் சேந்து ஜெயிச்ச பரிசும்மா அது. ஆறு மாசம் அவன் வீடு, ஆறு மாசம் என் வீடு. ஒரு தகராறு கிடையாது. புல்தரையில பந்து உருட்டுற கிளப்புக்கு அவன் செயலாளரானான் பாருங்க, அன்னிக்குப் பிடிச்ச வினை. கிளப்போட பெரிய டீக்குடுவை உடைஞ்சுபோச்சு. அதைப் போய் கூட்டக் குறிப்புல 'சண்டர்'னு, பிளந்துபோச்சுங்கிற பெரிய இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டு எழுதிட்டான். ஏம்மா, அந்த வார்த்தை எதுக்கு? ஒரு நாடு ரெண்டாப் போகும், ஒரு குடும்பம் பிளந்துபோகும், அதுக்குச் சொல்லலாம். டீக்குடுவை சும்மா உடையும், அவ்வளவுதான். எந்திரிச்சுச் சொன்னேன். அகராதி என் வீட்டுல இருக்கு, வாசிச்சுக் காட்டட்டுமாய்யான்னான். அவன் வாசிச்சா நான் எப்படி நம்புறது? பாதி என்னோடதுன்னு ரம்பத்தோட போனேன். கோணலாப் போயிடக் கூடாதேன்னு அவனே மேசையில வெச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டான், தெரியுமா? பூவா தலையா போட்டோம். எனக்கு ஏ முதல் எல். சண்டைக்குக் காரணமான வார்த்தை அவன் பக்கம் போயிடுச்சு.

அதுக்கப்புறம் தரையில அவன் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. என் வீட்டுக்காரி இருந்த வரைக்கும், போய்ப் பேசித் தொலைங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வார்த்தை தப்புன்னு அவன் ஒத்துக்கட்டும்னேன்.

குடுவையை உடைச்சது யாரா? ...என்னம்மா கேள்வி. 'திரு. ஆர்மரோட்'னு எழுதியிருந்தான். என் பேருதான், சரிதான். கையில வழுக்கிடுச்சு. பேரைத் தப்புன்னு சொல்ல முடியாதில்ல... அதான் வார்த்தையைப் பிடிச்சேன்.

அதோ, அந்தப் பச்சை அட்டை. குடுங்க. எஸ்... எஸ் யு... ஏம்மா, இங்க ஒரு தாளை யாராவது எடுத்தீங்களா? ஒரே ஒரு தாளு, 'சண்டர்' இருக்க வேண்டிய தாளு. அளந்து, ப்ளேடு வெச்சு வெட்டியிருக்கான்.

...அந்தக் கவரு. நான் பிரிக்கலைம்மா. நாலா மடிச்சு சமையலறை மேசைக் காலுக்கு அடியில செருகிட்டேன். இப்ப மேசை ஆடுறதில்லை.