மெழுகு பூசிய கோடு

பவுடர் கோட்டிங், அதாவது தூள் பெயிண்டைச் சூட்டில் ஒட்டவைத்த பாகங்களைக் கழுவச் சாதாரண ஷாம்பூவே போதும், ஐயா. பலர் பெட்ரோல் போட்டுத் துடைத்துப் பளபளப்பைக் கெடுத்துவிடுகிறார்கள். மெல்லிய துணி, நிறையத் தண்ணீர், ஈரம் காய்ந்த பிறகு கொஞ்சம் மெழுகு. கோட்டிங் பட்டறையில் கடைசித் துடைப்பு என் வேலை. மாலையில் வகுப்புக்குப் போகிறேன். அத்தானின் மோட்டார் சைக்கிளை ஞாயிறுதோறும் நான்தான் கழுவுவேன்.

முதலில் அதைத் தலைமுடி என்று நினைத்தேன். ஹேண்டிலுக்குக் கீழே, சட்டத்தின் கழுத்தில், வெல்டிங்கை ஒட்டி நீலப் பூச்சின் மேல் ஒரு பழுப்புக் கோடு. துடைத்தேன், போனது. அடுத்த ஞாயிறு அதே இடத்தில் இருந்தது. பூச்சில் மட்டும்தான் விரிசலோ என்னவோ என்று சந்தேகம். மூன்றாம் வாரம் கோடு ஒரு விரற்கடை நீண்டிருந்தது. இரும்பே விரிசல் விட்டுக்கொண்டிருந்தது.

பட்டறைக்கு இப்படி ஒன்று வந்தால் பூச்சை உரித்துப் பார்ப்போம். நான் மெழுகு பூசினேன்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. அத்தானுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அவர் வண்டியில் முன்னால் போவார். சாமான் லாரியில், அக்கா பஸ்ஸில். எனக்கு விடுதியில் ஒரு கட்டில். அப்படித்தான் ஏற்பாடு.

அத்தான் நல்லவர். நான் துடைப்பதைப் பார்த்து, "என் மூஞ்சியை இப்படித் தேய்ச்சிருந்தா எனக்கு எப்பவோ நல்ல வேலை கிடைச்சிருக்கும்டா மாப்பிள்ளை" என்பார். நானும் சிரிப்பேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இல்லாவிட்டால் அக்கா எங்கும் போக வேண்டியதில்லை என்று மட்டும் தோன்றியது.

மூன்று வாரமாகத்தான் தெரியும் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். எண்ணிப் பார்த்தேன், ஐந்து ஞாயிறு. இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன். ஒரு முறையாகவும் இருக்கலாம்.

கிளம்பும் அன்று அக்கா கையில் ஹெல்மெட்டோடு வாசலுக்கு வந்தாள்.

"பஸ்ஸுல போனா எனக்குக் குமட்டும்டா. நான் இவர் பின்னாடியே உக்காந்து போயிடறேன்."

"உங்க அக்காவை ஏத்தினா வண்டி தாங்குமா மாப்பிள்ளை? நீதானே இதுக்கு டாக்டர்" என்றார் அத்தான்.

அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். "தாங்கும்னு சொல்லுடா."

"தாங்கும்" என்றேன்.

ஹெல்மெட் பட்டையை அவளுக்கு மாட்டத் தெரியவில்லை. நான் மாட்டிவிட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை, ஐயா, நேரம் இருந்தது. சொல்லியிருந்தால், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டிருப்பாள்.

மலை இறக்கத்தில் வண்டியின் கழுத்து விட்டுப்போனது. இருவரும் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார்கள்.

எதிர்பாராத விபத்து என்று எஃப்.ஐ.ஆரில் எழுதப்போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம், எனக்குத் தெரிந்திருந்தது என்று எழுதுங்கள். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: என்னைப் பற்றி ஒரு குறையும் நினைக்காமல்தான் அக்கா போனாள். அவளுக்கு அந்த வருத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.