மச்சானுக்கு ரத்தம் கம்மி

இல்ல டாக்டரம்மா, தூக்கம் நல்லாத்தான் வருது. தூங்கி எந்திரிச்சாலும் ராவெல்லாம் லோடு எறக்குன ஆளு மாதிரி இருக்கு, அதத்தான் சொல்றேன். பஞ்ச அளுத்திப் பிடிச்சுக்கிட்டேன், போதும். ரத்தம் எடுத்த பிள்ளைக்கு நரம்பே தட்டுப்படல, பாவம்.

போன வருசம் இங்கனதான ஆப்பரேசன் பண்ணி வயித்தச் சுருக்கி விட்டீக. அப்ப நூத்தி முப்பது கிலோ, கூடவே சுகரு. பட்டாசுக் கம்பெனியில போர்மேன், ரூம் ரூமா நடக்க முடியல. இப்ப இந்தச் சட்டையப் பாருங்க. எம் மச்சினன் கோட்டைச்சாமி சட்டை, எம் பொண்டாட்டிக்குத் தம்பி. எனக்கு அளவாக் கெடக்கு.

சாப்பாடா? ரெண்டு இட்லி. மூணாவதுக்கு எடமில்ல. நீங்க குடுத்த பவுடரு கொமட்டுச்சு, விட்டுட்டேன். சத்து மாத்திரையும் அப்டித்தான், ஒடம்புதான் எளைச்சிருச்சே, இனி எதுக்குன்னு நிறுத்திட்டேன். டீ குடிப்பேன். ஆறு, ஏளு. டீ இரும்புச் சத்தக் கெடுக்குமா? சரி.

ஆமா, கோவம். முன்ன வராதும்மா. பொம்பளையாளுக என் தொந்தியக் கேலி பேசுவாக, நானும் சேந்து சிரிப்பேன். இப்ப ஒரு டம்ளரு உருண்டாப் போதும், வள்ளுனு விளுந்துர்றேன். அப்பறம் உக்காந்து மூச்சு வாங்குறேன். இரும்பு, பி ட்வெல்வு, ஆம்பள ஆர்மோனு எல்லாத்தையும் பாக்குறீகளா? பாருங்க. கோட்டைச்சாமி அப்பவே சொன்னான், மச்சான், ஒங்களுக்கு ரத்தம் கம்மி, வாங்க டெஸ்ட் எடுப்பம்னு. சீசன் முடியட்டும்னேன்.

ஏளாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு ரூம் வெடிச்சத பேப்பர்ல பாத்திருப்பீக. எங்க கம்பெனிதான்.

அன்னைக்கு வெடிமருந்து அடைக்கிற ரூம்ல நாலு பேரு. மூணு பொம்பளையாளுக, கோட்டைச்சாமி. வள்ளித்தாய் என்னமோ சொல்ல, எல்லாருஞ் சிரிச்சாக. அம்புட்டுதான். எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. எல்லாரும் எந்திரிச்சு வெளிய போங்க, இன்னைக்கு ஒருத்தருக்கும் வேலை கெடையாதுன்னு கத்துனேன். பொம்பளையாளுக அளுதுக்கிட்டே வேம்படிக்குப் போயிட்டாக. கோட்டைச்சாமி எந்திரிக்கல. மச்சானுக்கு ரத்தம் கம்மி அக்கா, மனசுல வச்சுக்கிறாதீகன்னு போறவுககிட்டச் சொல்லிட்டு, என்னையப் பாத்துச் சிரிச்சான். சிரிச்சுட்டு வேலையப் பாத்தான். நான் டீ குடிக்க நடந்தேன். பாதி வளியில சத்தங் கேட்டுச்சு.

அளுகை எல்லாம் வரலம்மா. இன்னைக்கு வரைக்கும் வரல.

அண்ணாச்சி என்னமோ மருந்து வாடை பிடிச்சுத்தான் எங்கள வெரட்டுனாருன்னு அவுக மூணு பேரும் ஊரெல்லாஞ் சொல்லிட்டாக. வெள்ளிக்கெளமையானா கோயில்ல எம் பேருக்கு அர்ச்சனை. எனக்கு ஒரு வாடையும் தெரியல.

வெளிய பெஞ்சில உக்காந்திருக்காள்ல, அவதான் முருகேஸ்வரி, எம் பொண்டாட்டி. அவளும் அப்டித்தான் நம்புறா. தெரிஞ்சு மூணு பேர வெளிய அனுப்புன ஆளுக்கு, எந் தம்பியக் கையப் பிடிச்சு இளுக்கத் தெரியலயான்னு கேக்கா. வேற பேச்சே இல்ல. எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. நீங்க கூப்பிட்டுச் சொல்லணும். சத்து இல்லாத ஒடம்பும்மா, கத்துனது அந்தக் கோவந்தான், இவருக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு.

ரிசல்ட்டு சாயங்காலந்தானா? இருக்கோம், பரவாயில்ல.

டாக்டரம்மா, ரத்தம் சரியா இருக்குன்னு வந்துறாதுல்ல?