ச்சோசோ கழிந்தும் வளர்ந்த புல்

இதை எனக்கு முதலில் சொன்னவள் கும்-ஒக். ஆறு ஆண்டுகளாகத் தான் வருவதற்குள் தந்தையின் சமாதிப் புல்லை அறுத்துவிட்டுப் போகிறவர் யாரென்று பார்க்க, அவள் அரிவாளோடு மலைச்சரிவில் ஏறினாள். அங்கே அந்தச் சமாதி மேட்டருகே உட்கார்ந்திருந்த மல்-சூன் என்னும் கைம்பெண்ணுக்கு, கேட்க ஒரு காது கிடைத்ததே போதுமாயிருந்தது.

"...பொய்யாம்மா சொல்லுவேன்? உக்காருங்க. வெக்கை ஓயுற ச்சோசோ நாள் தாண்டினா புல்லு வளருமா? வெயில் இறங்கிடுச்சு. சிள்வண்டு ஓஞ்சு, அடுப்படியில சுவர்க்கோழி கத்துது. தட்டானெல்லாம் செவந்துபோச்சு. அத்தனையும் பாத்துட்டுத்தானே வந்து அறுத்தேன்?

என் வீட்டுக்காரரோட அண்ணன் தே-ஷிக்... முட்டிவலின்னு ஆறு வருஷமா மலையேறாத மனுஷன். இந்த வருஷம் ஆபரேஷன்ல முட்டிய மாத்திக்கிட்டு ஏறிட்டார். அப்பா சமாதியில இடுப்பளவு புல்லுன்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன். புருஷன் போனதும் மாமனாரையும் கைகழுவிட்டேனாம். ச்சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு அந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதாம். முப்பது வருஷம் சமைச்சுப் படைச்ச வீடும்மா...

எங்க இடுப்பளவு? விரல வச்சுப் பாருங்க, நகக்கண் அளவு வளந்திருக்கா? அவருக்கு முட்டியோட இடுப்பையும் மாத்திட்டாங்களோ என்னவோ.

இடுப்பளவுன்னா அந்தா, மரத்துக்கு அந்தாண்ட இருக்கே, அதுதான். பாவம், யாரப் பெத்த அப்பனோ. ஆறு வருஷமா ஒரு நாதி வரல. என்ன ஜென்மங்களோ.

அதுவரைக்கும் ஆம்பளைங்கதான் மலையேறி அறுப்பாங்க, எனக்கு வழி சொன்னதே அந்த தே-ஷிக்தான். செஸ்ட்நட் மரத்துக்கு இடது பக்கம்னார். இது இடதுதானே? கீழேருந்து ஏறி வரேன், என் இடது கை...

என்னது, படுத்திருக்கிறவரோட இடதா?

...ஆமா. சமாதின்னா செத்தவங்க கணக்குதான். அவரு கீழ்ப்பக்கம் பாத்துல்ல படுத்திருக்காரு. அப்போ... ஏம்மா, நீங்க எதுக்கு அரிவாளோட வந்தீங்க?

...உங்கப்பாவா."

மல்-சூன் எழுந்தாள். மரத்தைச் சுற்றிப் போய், இடுப்பளவுப் புல்லை ஒரு கோடியிலிருந்து அறுக்கத் தொடங்கினாள். கும்-ஒக் மறுகோடியிலிருந்து அறுத்து வந்தாள். மேடு முழுதும் தெரிந்த பிறகு மல்-சூன் தொலைபேசியை எடுத்தாள்.

"பெரிய அத்தான், புல்லு இருந்தது நெசந்தான். நான் ஆறு வருஷமா அறுத்ததும் நெசந்தான். விவரத்த வாசல்ல வந்து சொல்றேன், கதவத் திறந்து வைங்க."

பிறகு, புல் அறுத்ததும் விழும் வழக்கப்படி ஆண்டுக்கு இரண்டாக அயலார் தந்தைக்குப் போய்விட்ட வணக்கங்களை எண்ணி, மாமனார் முன் நெற்றி தரையில் படப் பன்னிரண்டு முறை விழுந்தெழுந்தாள்.