தனுஷியா வரும் துண்டு

"ஹலோ... தர்ஷனோ? செபஸ்தியன் கதைக்கிறன், கொட்டாஞ்சேனையில இருந்து... ஓம், ஓம், தனுஷியாவின்ர மனுசன்தான். உம்மட படத்தைப் பாத்தனான்... பொறும், பொறும், நன்றி எல்லாம் பிறகு. சனிக்கிழமை வெள்ளவத்தையில போடமுதல் அவள் வாற துண்டை வெட்டும்."

செபஸ்தியன் ஸ்டூடியோக் கதவை உள்ளே பூட்டியிருந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் கமரா வாங்கினவன் அவன். முதுகு வளைய வளையக் கலியாண வீடியோ எடுக்கிறான். ஒருவரும் எழுந்து கை தட்டியதில்லை. நேற்று முளைத்தவன் சண்டையைப் பற்றி ஒரு படம் எடுத்தான், ஊர் ஊராகக் காட்டுகிறான், சனம் அழுகிறது. அதில் தன் பெண்சாதி.

"ஏனோ? என்ர பொஞ்சாதி, அதுதான் ஏன்!... ஷெல் அடிக்கேக்க தண்ணிக் கானைத் தூக்கவெண்டு தம்பியின்ர கையை விட்டவளாம், படத்தில சொல்லுறாள்... எனக்குத் தெரியுமோவோ? தெரியாது! அதுதானே பிரச்சினை! தம்பி சண்டையில செத்திட்டான், அவ்வளவுதான் என்னட்டச் சொன்னவள். குழாயில தண்ணி வராத நாளிலயும் வீட்டில ஒரு கான் வைக்க விடமாட்டாள். விசரி எண்டு ஏசியிருக்கிறன்... உமக்கு மட்டும் எப்பிடி வாய் திறந்தவள்? என்ன கேட்டனீர்?... ஒண்டும் கேக்கேல்லையோ? சும்மா கமராவை ஓடவிட்டிட்டு இருந்தனீரோ? ஆரும் அப்பிடி எடுப்பானோ! என்ர கலியாண வீடியோவில பொம்பிளை வாய் மூடினா நான் உடன பாட்டைப் போட்டிடுவன்."

மறுமுனை ஏதோ சொல்ல வந்தது. அவன் விடவில்லை. அவன் போன் எடுத்ததே அடுத்த கேள்விக்காகத்தான்.

"அதை விடு. பின்னேரத்தில போனைக் கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுறாள். நான் போனா டக்கெண்டு வைக்கிறாள். உன்னோடதானே?... டேய், பொய் சொல்லாத... ஆரு?... மட்டக்களப்பில ஒரு அம்மாவோ?... படம் பாத்துப்போட்டு நம்பர் கேட்டவவோ... அவவும்... மகளின்ர கையையோ..."

அவன் லைற் பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

"ம்... ஓம்... மன்னாரில இருந்தும் அவளுக்குப் போன் எடுக்கினமோ?... ஆம்பிளையளுமோ? இவளோடயோ?... ஓம், ஓம், விளங்குது... என்னட்டச் சொல்லியிருக்கலாம் அவள். பக்கத்திலதானே கிடக்கிறன்... என்ன? படம் முடிய எழும்பிக் கதைக்கப்போறாளோ? அவ்வளவு சனத்துக்கு முன்னாலயோ?... இதையும் எனக்குச் சொல்லேல்ல, பார்."

அவன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"...ஹலோ. நிக்கிறன், நிக்கிறன்... வெட்டாத. வெட்டாத எண்டன்!... உன்னில பாசம் வந்திட்டுதெண்டு நினைக்காத. உன்ர மூஞ்சியை எனக்கு இண்டைக்கும் பிடிக்காது, நாளைக்கும் பிடிக்காது... சனிக்கிழமை எத்தினை மணிக்கு?... எனக்கும் ஒரு கதிரை போடு. அவளுக்குப் பக்கத்தில வேண்டாம், பின்னுக்குப் போடு. தூணுக்கு அங்கால... அவளுக்கு மட்டும் சொல்லிப்போடாத. நான் இருக்கிறன் எண்டு தெரிஞ்சா அவள் பாதியில நிப்பாட்டிப்போடுவாள்... ஓம். வை."

தர்ஷன் வைக்குமுன் அவனே துண்டித்தான்.