நாற்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே எண்

அவையின் நடுவே மாலையோடு வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, விருது வாங்க வந்திருக்கும் குடிநீர் அலுவலகத்துப் பெரியோர்களே, என்னோடு சேர்ந்து நரைத்த அண்ணன்மார்களே, காலிக் குடத்தைக் கதவோரம் கவிழ்த்துவிட்டு வந்திருக்கும் என் தாய்மார்களே, முதல் வணக்கம்.

தெருவின் சார்பில் நன்றி சொல்லச் சொன்னார்கள். எழுதியும் கொடுத்தார்கள். எனக்கு எழுத்து தெரியாது, கேட்டது மறக்காது. கேட்டதிலிருந்து பேசுகிறேன்.

தண்ணீர் வருகிறதா என்று அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு வீட்டையும் கைபேசியில் கேட்பார்களாம், அதற்குத்தான் இந்த விருதாம். வந்தால் ஒன்றை அமுக்கு, வராவிட்டால் இரண்டை அமுக்கு. நல்ல திட்டம்தான், யார் இல்லையென்றது? ஆனால் எங்கள் குழாய் காய்ந்து ஐந்து மாதம். வயிற்றில் ஆறு மாதத்தோடு என் மருமகள் பெரிய சாலையைத் தாண்டிப் போய்க் குடம் சுமந்தாள். போன வாரம் வழுக்கி விழுந்தாள். இனிக் குடத்தைத் தொட்டால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அலுவலகத்துக்கு ஓடினேன். எழுத்தர் கணினியைப் பார்த்துச் சொன்னார்: "பெரியவரே, உங்க தெருவுல நாப்பத்திரண்டு வீடும் ஒன்னத்தான் அமுக்கியிருக்கு."

"எந்த நம்பர்லேருந்து தம்பி? வாசிங்க."

முதல் வீட்டு எண்ணை வாசித்தார். இரண்டாம் வீடு. மூன்றாம் வீடு.

"நிறுத்துங்க, நாலாவது வீட்ட நான் சொல்றேன்" என்று அதே பத்து எண்களைச் சொன்னேன்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"கேக்கத் தெரியும்யா. தண்ணி விடச் சொல்லி அஞ்சு மாசமா இந்த நம்பரத்தான் கூப்பிடுறேன்."

ஆம், அது வால்வு திறப்பவரின் எண். வீட்டு எண்களை எழுதிக்கொள்ளப் படிவம் கொண்டுவந்தவரும் அவர்தான். "போன் பேச யாருக்கு நேரம், உன் நம்பரையே போட்டுக்கோப்பா" என்று சொன்னது யார்? நாம்தான். அங்கே யார் சிரிப்பது? சிரி தாயி, உன் வீட்டுக்கும் அதே எண்தான்.

வால்வைத் திறந்தாயா என்று திறக்காதவரையே கேட்டால் எதை அமுக்குவார்? நாற்பத்திரண்டு முறை ஒரே குரல் "அலோ" என்றதே, கேட்ட காதுக்குச் சந்தேகம் வரவில்லையா? கைபேசியைப் பார்த்தீர்களே, ஒருநாள் குழாயைப் பார்த்தீர்களா?

எண்ணை மாற்ற மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார் எழுத்தர். மேலிடம் இதோ என் பக்கத்திலேயே இருக்கிறது.

ஐயா, அந்த விருதைச் சற்று ஓரமாக வையுங்கள். பேனாவை எடுங்கள். வீடுவீடாகக் கேட்டு வந்திருக்கிறேன், நாற்பத்திரண்டு எண்ணும் நெஞ்சில் இருக்கிறது. முதல் எண் என்னுடையது. எழுதியதும் இங்கேயே, இந்தத் தாய்மார்கள் முன்னாலேயே கூப்பிடுங்கள். என் கட்டைவிரல் இரண்டின்மேல் காத்திருக்கிறது.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு என் வணக்கம். நீங்கள் கேட்ட நன்றியை, குழாயடியில் முதல் குடம் நிறைந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.