பக்கத்து வீட்டு ஜெபத்துல என் பேரு

...அதான் கேக்கறேன் சார், வீட்டை வாடகைக்கு விடறவன் எவனாவது பாட்டு கூடாதுனு கண்டிசன் போடுவானா? மாடு கட்டக் கூடாதும்பான், சரி. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதும்பான், சரி. பாட்டு கூடாதாம்! உங்க பொண்ணு பாட்டு கத்துக்குதுனு சொன்னதும் ஓனர் ராஜேந்திரன் மூஞ்சி சுருங்கிப் போச்சாக்கும்? ம்ம்... நீங்களும் சாவியைத் திருப்பிக் குடுத்துடறேன், வேங்கிக்கால் பக்கம் பாக்கறேன்னு கிளம்பிட்டீங்க. அங்க இன்னா சார் இருக்கு, வெறும் வெட்டவெளி! ஒரு நிமிசம் நில்லுங்க. நான் பக்கத்து வீடுதான். சக்கரவர்த்தி. ரிட்டையர்டு கண்டக்டர்.

இந்த வீட்டுக்கா பாட்டு ஆகாது? போன வருசம் வரைக்கும் இங்க கிருபாவதினு ஒரு கிறிஸ்டியன் அம்மா இருந்துச்சு. எழுபத்து நாலுல வந்தாங்க. வீட்டுக்காரர் ஞானமுத்து, லைன்மேன். மூணு பசங்க. சாயங்காலம் ஆறு மணி ஆச்சுனா போதும், ஆர்மோனியப் பொட்டியைத் தொறந்துடும். பசங்க ஆளுக்கு ஒரு ஸ்தாயியில பாடுவாங்க. ஞானமுத்துக்குப் பாட வராது, பாவம். அதனால அவருக்குனு ஒரே ஒரு ஸ்வரம் ஒதுக்கிக் குடுத்திருந்துச்சு. மனுசன் நாளெல்லாம் கம்பம் ஏறி இறங்கிட்டு வந்து, அந்த ஒண்ணை மட்டும் ‘ம்ம்ம்’னு புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. ஒருநாள் சின்னப் பொண்ணுக்கு நல்ல ஜுரம். இன்னைக்காவது நிம்மதினு நெனச்சேன். எட்டிப் பாத்தா, ஜுரத்துல கெடந்த புள்ளையை மடியில சாச்சு ஒரு கையால புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால வாசிக்குது. பொட்டிக்குக் காத்து அடிக்கறது பெரிய பையன்!

நானோ நாளெல்லாம் பஸ் ஆரனைக் கேட்டுட்டு வர்றவன். மதில்மேல ஏறி நின்னு கத்தாத கத்து கத்தியிருக்கேன் சார். ஒண்ணும் நடக்கல. சரி, மார்கழி வரட்டும்னு காத்திருந்தேன். தெருமுனை பிள்ளையார் கோயில் கமிட்டியில நான்தானே பெரிய ஆளு! கூம்பு ஸ்பீக்கரை நேரா அந்தம்மா ஜன்னலுக்குத் திருப்பிக் கட்டினேன். காலைல அஞ்சு மணிக்கு அலற விட்டேன். மூணாம் நாள் வந்து நின்னுச்சு. சண்டைக்குத்தான் வருதுனு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டேன். “அண்ணா, ரெக்கார்டு மெதுவா சுத்துது. சுதி எறங்குது. சாமி பாட்டு இல்லையா, இப்படி வெக்கலாமா?”னுச்சு. அன்னைக்கு சாயங்காலமே ஞானமுத்துவ அனுப்பி பெல்ட் மாத்திக் குடுத்துச்சு. அப்புறம் ஸ்பீக்கரை யாரு பக்கம் சார் திருப்பறது? வெக்கமாப் போச்சு, என் வீட்டுப் பக்கமே திருப்பிக் கட்டிட்டேன்.

இன்னொண்ணு கேளுங்க. பாட்டு முடிஞ்சா ஜெபம். ஊர்ல இருக்கறவங்க பேரெல்லாம் வரும். ஒருநாள் சுவத்துக்கு இந்தப் பக்கம் காப்பி குடிச்சுக்கிட்டிருக்கேன், “பக்கத்து வீட்டு சக்கரவர்த்தி அண்ணனுக்கு முட்டி வலியும் கோவமும் கொறையணும் ஆண்டவரே”னு கேக்குது. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! என் பேரை உங்க சாமிகிட்ட குடுக்கச் சொல்லி யாரு கேட்டா? எனக்குனு மலையே நிக்குது அண்ணாமலையாரா! கத்தணும்னு வாயைத் தொறந்தேன்... கோவம் கொறையணும்னு அவங்க கேட்டுக்கிட்டிருக்கறப்ப எப்படி சார் கத்துறது? காப்பி ஆறிப் போச்சு.

அதுக்கப்புறம் தெனம் அந்த நேரத்துக்கு சுவத்தோரம் நாற்காலி போட்டுடுவேன். காத்துக்காகத்தான்னு கஸ்தூரிகிட்ட, அதான் என் சம்சாரம், சொல்லுவேன். அவ சிரிப்பா. ஒருநாள் பாருங்க, எல்லார் பேரும் வந்துச்சு, பால்காரன் பேரு கூட வந்துச்சு, என் பேரு வரல. ராத்திரி சோறு எறங்கல. காலைல நேரா போயி, “இன்னாம்மா, நேத்து நம்ம பேரைக் காணோம்?”னு கேட்டுட்டேன். மானம் கெட்டவன்! “முட்டி வலி சரியாயிடுச்சுனு கஸ்தூரி அக்கா சொன்னாங்களே அண்ணா”னுச்சு. “யாரு சொன்னா? வலி ஜாஸ்தியாயிடுச்சு”னு நொண்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். தெருவே பாத்துச்சு. அன்னையிலருந்து திரும்பவும் என் பேரு வந்துச்சு.

தெனம் ஆறு மணினேனா? தீபத்தன்னைக்கு மட்டும் ஆறரைக்குத்தான் பொட்டியைத் தொறக்கும். ஆறு மணிக்குத் தெருவே மலையைப் பாத்துக்கிட்டு நிக்குமே, அதனால. இத்தினி வருசத்துல இதை நான் கவனிச்சதே இல்ல சார். அந்தம்மா போனப்புறம் வந்த தீபத்துக்கு கஸ்தூரி சொல்லித்தான் தெரியும். போன புரட்டாசியில... மஞ்சக்காமாலை. பத்தே நாள். ஞானமுத்து பசங்களைக் கூட்டிக்கிட்டு வேலூருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாரு.

இல்ல... ராஜேந்திரனைத் திட்டாதீங்க சார். அவன் அப்படிப்பட்ட ஆளு இல்ல. அந்தக் கண்டிசன்... நான் போட்டது. ஆமாம், நான்தான்! சாமான் ஏத்துன லாரி தெருமுனை திரும்பல, நான் ராஜேந்திரன் வீட்டு வாசல்ல நிக்கறேன். காது வலிக்குதுப்பா, இனிமே பாடறவங்களுக்கு வீடு குடுக்காதேன்னேன். காதாவது வலியாவது! அந்தம்மா உக்காந்த எடத்துல வேற யாரோ பாடறதை என்னால கேக்க முடியாதுனு நெனச்சேன் சார். இப்ப வீடு பூட்டிக் கெடக்குது. ஆறு மணி ஆனா சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா, ‘பாட வந்த புள்ளையை வெளிய அனுப்பிட்டீங்களா அண்ணா’னு கேக்கும். நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு பதில் சொல்லுவேன்?

உங்க பொண்ணு வரட்டும் சார். சுவத்தோர ரூம்லயே பாடட்டும். தப்பா பாடினாலும்... சார்? நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க அங்க போயிட்டீங்க! சாவியைக் குடுத்துடாதீங்க சார்! நானும் வர்றேன், நானே ராஜேந்திரன்கிட்ட சொல்லிடறேன், பொய் சொன்னேன்னு... கொஞ்சம் மெதுவா நடங்க சார்... முட்டி வலிக்குது. இல்ல சார்... இந்த வாட்டி நெஜமாவே வலிக்குது.