புதுத் துப்பாக்கியைப் பழக்கிய நாள்

புதுத் துப்பாக்கியைப் பழக்க வேண்டுமா என்பதில் இரண்டு கருத்து உண்டு, ஐயா. பலேர்மோவில் அதை விற்ற கடைக்காரர் தேவையில்லை என்றார். உள்ளே பூசியிருக்கும் எண்ணெயைத் துடைத்தால் போதுமாம். என் முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. சுட வேண்டும், ஆறவிட்டுக் குழலைத் துடைக்க வேண்டும், மறுபடி சுட வேண்டும், அப்போதுதான் கைக்கு இணங்கும் என்றார். அவர் பக்கத்து ஊரான பகேரியாவில், சொத்துப் பத்திரங்கள் எழுதி ஓய்வுபெற்ற நொத்தாரிசு. அவர் மனைவி இறந்த பிறகு அவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து வந்தவன் நான்.

விமலராஜை அந்த வீட்டுக்குக் கூட்டிவந்ததும் நான்தான். என்னைப் போல மன்னார் ஆள். பலேர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். முதலாளி தோட்ட வேலைக்கு ஆள் கேட்டபோது அவன் பெயரைச் சொன்னேன். நல்லவன். அதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் வந்த பிறகு முதலாளி சிரிக்கத் தொடங்கினார். என்னோடு அவர் சிரித்ததில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு வேட்டைக் காலத்துக்கென்று வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி அது. முதலாளிக்குக் கை நடுங்கும், ஆகவே பழக்க வேறு ஆள் வேண்டியிருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என்னைத் தாண்டி விமலராஜிடம் நீட்டினார்.

“பெனடிக்ற், நீ பேணிகளை அடுக்கு. உனக்கு இது சரிவராது, நீ பயந்தவன்” என்றார். பகடியாகத்தான் சொன்னார். விமலராஜ் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எலுமிச்சை மரங்களுக்கு அப்பால், மதிலின் மேல் வெறும் தக்காளித் தகரப் பேணிகளை வைத்தேன். அவன் சுட்டான். நான் குழலைத் துடைத்தேன். மறுபடி சுட்டான். கதிரையில் உட்கார்ந்து கைதட்டிய முதலாளி, வெயில் ஏறியதும் உள்ளே போனார். விமலராஜ் தோட்டா போட்டுத் துப்பாக்கியை என்னிடம் தந்தான்.

“இந்தாங்கோ அண்ணை, நீங்களும் ஒருக்காச் சுடுங்கோ. கிழவன் சொன்னதை மனசிலை வையாதேங்கோ.”

முதலாளியின் அவமதிப்பு எனக்குப் பழகியிருந்தது. இவனுடைய இரக்கம் பழகவில்லை. விழுந்த பேணிகளை எடுத்து வைக்க அவன் மதிலடிக்குப் போனான்.

கை தவறி வெடித்துவிட்டது, புதுத் துப்பாக்கி, எனக்குப் பழக்கமில்லை என்று அன்று வந்த பொலிஸிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட முகத்தோடு விமலராஜும், “என்ரை பிழைதான். தோட்டாவைப் போட்டுக் குடுத்திட்டு முன்னாலை போயிருக்கக் கூடாது” என்றான். தோட்டாவுக்குள் இருந்த ஈயச் சன்னங்கள் சிறியவை என்பதால் உயிர் தப்பினான். கண்கள் இரண்டும் போய்விட்டன.

அவனை என் அறையிலேயே வைத்துக்கொண்டேன். சோறு பிசைந்து கொடுக்கிறேன். ஞாயிறு பூசைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன். சனம் என்னைப் புகழும்போது தலைகுனிந்து நிற்பேன். அடக்கம் என்று நினைக்கிறார்கள். அவனுக்குப் பார்வை இல்லை, ஆனாலும் அவன் முகத்துக்கு நேரே பார்க்க என்னால் முடிவதில்லை.

நேற்றுச் சாப்பிடும்போது கேட்டான்.

“அண்ணை, அண்டைக்கு என்ன சொல்லக் கூப்பிட்டனீங்கள்?”

“எப்ப?”

“வெடிக்கிறதுக்கு முன்னம். என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டனீங்கள். அதுதானே நான் திரும்பினனான்.”

“தள்ளி நில் எண்டு சொல்லத்தான்” என்றேன்.

“ஓம் என்ன. நான்தான் விளங்காமல் திரும்பிப் பாத்திட்டன்.” மன்னிப்புக் கேட்பவன் போலச் சொன்னான். நான் என் தட்டை எடுத்து வைத்துவிட்டு எழுந்தேன். அதனால்தான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

தள்ளி நிற்கச் சொல்ல நான் கூப்பிடவில்லை, ஐயா. என் கையில் துப்பாக்கி இருப்பதை அவன் பார்க்க வேண்டும் என்றிருந்தது. கூப்பிட்டேன். திரும்பி, நான் சுடப்போகும் சந்தோஷத்தில் சிரித்தான். அந்த முகத்துக்குக் குறிவைத்துத்தான் சுட்டேன்.

எங்கே சொன்னாலும் கையெழுத்து வைக்கிறேன். ஒன்றே ஒன்று. இதை விமலராஜுக்குச் சொல்லிவிடாதீர்கள். பாவம், என்னை விட்டால் அவனுக்கு யாரும் இல்லை.